உழைச்செல்வான்: சூதினின்று மீள்வார்க்குத் துணை

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறாகிய இதன்கண் மலையாளிகள் எனப் பெயர்பெற்ற தமிழ் பேசும் பழங்குடி மக்கள், சாமை முதலிய சிறு கூலங்களை விளைத்தும், கடுக்காய் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்ந்து வருகின்றனர். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிற் கடுக்காயோடு உடன் வளரும் மரம் தான்றி. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்னும் மூன்றும் கூடியதே திரிபலை என்னும் மருந்தென்பதை யாவரும் அறிவர். ஆயின், தான்றிக்கு வேறொரு வரலாறும் உண்டு. வேதகாலத்து மக்கள் இதன் கொட்டைகளையே கவறாக உருட்டிச் சூதாடினர். ஒரே காய் குடி கெடுக்கும் கவறுமாயிற்று. நோய் தீர்க்கும் மருந்துமாயிற்று.

மக்கட் கூட்டுறவும் இத்தன்மையதே. சூதாடுவோன் கெடுவதும் கூட்டத்தால். அவன் மீள்வதும் கூட்டத்தால். சூதென்னும் பிடியினின்று விடுபட விரும்பும் ஒருவனுக்கு, அவனையொத்த மக்கள் செய்யத்தக்க துணை யாது, அதன் ஆற்றல் எத்துணை, அதன் எல்லை யாது என்பவற்றை நம் இலக்கியங்களின் துணைகொண்டும் இக்கால அறிவின் துணைகொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இம்மலை மக்களைச் சூதரென்று கூறுவது எம் கருத்தன்று. மலையின் மரமும் அருவியும் மலையடிவாரத்துக் கூத்தும் இப்பொருளை நினைவூட்டுதலின் அவற்றினின்று தொடங்கினோம்.

சூது நோயாதல்

சூதாடுவோனை மடியன் என்றும் பேராசைக்காரன் என்றும் உலகம் இகழும். அவன் விரும்பினால் நாளையே விட்டுவிடலாகாதோ என்று வினவும். இவ்வினா நோயின் இயல்பை அறியாமையிற் பிறந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பில் கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை ஒரு நோயாகக் குறித்தது. 2013 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பு, அதனை மதுவுக்கும் பிற போதைப் பொருள்களுக்கும் அடிமையாதலாகிய நோய்களோடு ஒருங்கு வைத்தது. உடலுள் ஒரு துளி நஞ்சும் புகாதிருக்கவும், சூதாடுவோன் குடியனைப் போலவே மூளை வேட்கையால் ஈர்க்கப்படுகின்றான் என்பதே இதன் பொருள்.

இவ்வேட்கை வளரும் வகையை உளநூலார் ஆய்ந்துள்ளனர். ஒவ்வொரு முறையும் பரிசு கிடைக்குமாயின் உயிர் விரைவில் நிறைவுறும். ஒருபோதும் கிடையாதாயின் முயற்சியைக் கைவிடும். எப்பொழுது கிடைக்கும் என்று அறியவொண்ணாதபடி இடையிடையே கிடைப்பதாயின், அது ஓயாது முயலும். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர் புறாக்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகளில் இவ்வுண்மை நன்கு புலனாயிற்று. இடையிடையே வரும் வெற்றியே சூதின் கண்ணி. திருவள்ளுவர் சூது என்னும் 94 ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே சூதில் வரும் வெற்றியை, மீன் இரையென்று கருதி விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டனர். தோல்வியைக் காட்டி அஞ்சுவிப்பதற்கு முன்னரே வெற்றியைக் காட்டி எச்சரித்த அவர்தம் நுண்ணறிவு வியக்கற்பாலது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், பொருளை இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் பெருகுதலை, உடம்பு துன்புறுந்தோறும் உயிர் அவ்வுடம்பைக் காதலித்தலோடு உவமித்தனர். இழந்ததை மீட்க மேலும் ஆடுதல் என்று இக்கால மருத்துவர் குறிக்கும் அடையாளம் இதுவேயாம்.

கழகம் என்னும் சொல்

கழகம் என்னும் சொல் இன்று கற்றோர் அவைக்கும் அரசியற் கட்சிக்கும் வழங்குகின்றது. கம்பர் அதனைக் கலை பயிலும் இடத்திற்கு வழங்கினர். வள்ளுவரோ சூது அதிகாரத்தில் அச்சொல்லைச் சூதாடும் களத்திற்கே வழங்கினர். சூதாடுவோர் கெடுதற்குக் கவறு, கையின் திறமை என்னும் இரண்டனோடு கழகத்தையும் உடனெண்ணினர். காலத்தைக் கழகத்திற் கழிப்பானாயின் வழிவந்த செல்வமும் பண்பும் கெடுமென்றனர். ஒருவன் கவறை மட்டும் காதலிப்பதில்லை. அது உருளும் இடத்தையும், அங்கே தன்னை வரவேற்கும் முகங்களையும், ஆரவாரத்தையும் உடன் காதலிக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

புறநானூற்றின் 52 ஆம் பாட்டில் ஊர்ப் பொதியில் ஒன்று பாழ்பட்டுக் கிடக்கின்றது. நரைத்த முதியோர் நெடுநாள் காய் உருட்டியதனாற் குழிந்த இடங்களிற் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. நிலம் குழியுமளவு ஆடினர் என்பதனால், அவர்கள் நாடோறும் ஓரிடத்தே கூடினர் என்பதும் விளங்கும். ஆட்டம் கூட்டுறவை வளர்த்தது; கூட்டுறவு ஆட்டத்தை வளர்த்தது.

ஆகவே, சூதை விடத் துணிந்தவன் ஒரே நாளில் இரண்டை இழக்கின்றான். ஒன்று ஆட்டம், மற்றொன்று தோழமை. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34 ஆம் பாடல் ஒரு சூதாடியின் புலம்பலாக அமைந்துள்ளது. மாமி வெறுக்கிறாள், மனைவி விலக்குகிறாள், இரங்குவார் எவருமிலர். இனி ஆடேன் என்று அவன் உறுதி செய்துகொள்கின்றான். ஆயின், தோழர்கள் அவனை விட்டு ஆடுகளம் நோக்கிச் செல்லும்பொழுது தனிமை அவனை வருத்துகின்றது. உருளும் காய்களின் ஓசை கேட்டவுடன் உறுதி கரைந்து அவனும் செல்கின்றான். முடிவில் அப்பாடல், சூதை விட்டு வயலை உழுக என்று அறிவுறுத்துகின்றது. அறிவுரை நன்றே. எனினும், அவன் வீழ்ந்தது அறிவுரை இல்லாமையாலன்று, தோழர் சென்றபின் எஞ்சிய தனிமையால் என்பதை அப்பாடலே காட்டிவிட்டது. வெற்றிடத்தை நிரப்பாத அறிவுரை நில்லாது.

இக்காலத்துச் சூதோ தனிமையையே தன் கழகமாக்கிக்கொண்டது. கைப்பேசி ஒன்றிருந்தாற் போதும். போர்வைக்குள் ஒருவன் இரவு முழுதும் ஆடலாம்; அருகிற் படுத்திருக்கும் உடன்பிறந்தானும் அறியான். முற்காலத்துச் சூதாடிக்கு ஊரார் கண்ணுக்கு அஞ்சும் அச்சமேனும் ஒரு வேலியாக நின்றது. இன்று அவ்வேலியும் இல்லை. கடன் தரும் செயலியும் அதே கைப்பேசியில் இருத்தலின், வீட்டார் அறியுமுன்னரே கடன் மலைபோல் வளர்ந்துவிடுகின்றது.

சட்டத்தின் வேலி

அரசினர் வாளா இருந்தனரல்லர். 1930 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சூதாட்ட விடுதிகளைத் தடுத்தது. 1968 ஆம் ஆண்டில் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு ஏழைகளின் கூலியை விழுங்கக் கண்டு, 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாப் பரிசுச்சீட்டுகளும் தடைசெய்யப்பட்டன. இணையவழிச் சூதில் பொருளிழந்தோர் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் பெருகவே, 2022 ஆம் ஆண்டில் முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையிற் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் சட்டமன்றம் இயற்றிய தடைச்சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றை அத்தடையினின்று நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டமொன்றை நாடு முழுமைக்கும் இயற்றியது.

சட்டம் கடையை மூடும். கடை மூடியபின்னும் நோயாளி இருக்கின்றான், அவன் கடனும் இருக்கின்றது, வேட்கையும் இருக்கின்றது. அவனுக்கு வேண்டுவது யாது?

தருமன் கேட்ட வினா

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்து வீழும் அருவி பீமன் பெயரால் வழங்கப்படுகின்றது. மலையடிவாரத்து ஊர்களிலோ திரௌபதியம்மன் விழாவிற் பாரதக் கூத்து நிகழும். சூதும் துகிலுரிதலும் நடிக்கப்படும் இரவில் ஊரே கண்ணீர் விடும். தருமன் நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், தன்னை இழந்தான், மனைவியையும் பணயம் வைத்தான். அவ்வவையிற் பீமன் வெகுண்டு, அண்ணன் கையை எரித்தற்கு நெருப்புக் கொணருமாறு சகதேவனை ஏவினான். சூதாடியின் வீட்டார் கொள்ளும் சினத்திற்கு இதனினும் சிறந்த ஓவியம் இல்லை. அச்சினம் நீதியுடையதே. ஆனால், கையை எரித்தலால் அக்கையின் வேட்கை தீராது.

தருமன் தேறியது எங்ஙனம்? கானகத்தில் அவன் ஒரு முனிவரிடம் ஒரு வினாவைக் கேட்கின்றான். கவறாடி நாடிழந்து என்னைப் போல் இடருற்றார் வேறெவரேனும் உளரோ என்பதே அவ்வினா. அதற்கு விடையாகவே நளன் கதை கூறப்படுகின்றது. வியாச பாரதத்திற் பிருகதசுவரும், புகழேந்தியாரின் நளவெண்பாவில் வேதவியாசரும் இக்கதையைக் கூறுவாராக அமைந்துள்ளனர். நளவெண்பாவை நாம் அணிநலத்திற்காகவும் தேர்வுக்காகவும் கற்கின்றோம். அந்நூல் முழுதுமே சூதில் வீழ்ந்த ஒருவனுக்குச் சூதில் வீழ்ந்த மற்றொருவன் வரலாற்றைக் கூறி ஆற்றுவித்தல் என்னும் உண்மையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முனிவர் தருமனுக்குச் சூதின் தீமையை எடுத்து விரிக்கவில்லை; அதனை அவன் தன் உடம்பாலேயே அறிந்தவன். நீ தனியனல்லை என்பதே அவனுக்கு வேண்டியிருந்த செய்தி.

நளவெண்பாவின் பிற்கூறுகளிரண்டும் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் எனப் பெயர்பெறும். நோய் பற்றுதலும் நோய் விடுதலும் என்று இவற்றைக் கொள்ளலாம். நளன் கால் கழுவியபொழுது நனையாது எஞ்சிய சிறு இடத்தைக் கண்டு கலி அவனுட் புகுந்தான். சிறு சோர்வே பெருங்கேட்டிற்கு வாயிலாயிற்று. கலி நீங்கியது எப்பொழுது? உருமாறித் தேர்ப்பாகனாய் இருதுபன்னன் என்னும் மன்னனோடு நளன் செல்லும் வழியில் ஒரு தான்றிமரம் எதிர்ப்படுகின்றது. அதன் காய்களின் தொகையை மன்னன் கணக்கால் உரைக்கின்றான். நளன் தன் பரிநூற் கல்வியை அவனுக்குத் தந்து, அவனுடைய எண்ணூற் கல்வியைப் பெறுகின்றான். அப்பொழுதே கலி நீங்குகின்றான். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. இருதுபன்னன் நளனுக்கு ஈந்தது பிச்சையன்று. இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொண்டனர். யாவற்றையும் இழந்து ஏவலனாய்த் தாழ்ந்த நளனிடத்தும் பிறர் பெறத்தக்க செல்வமொன்று எஞ்சியிருந்தது. அதனை ஒருவன் வேண்டிப் பெற்ற அந்நொடியில் அவன் மீண்டும் மனிதனானான்.

எனினும், நளன் கதையின் முடிவை மீள்வோர் பின்பற்றலாகாது. நளன் மீண்டும் புட்கரனோடு கவறாடி இழந்ததை எல்லாம் வென்றான் என்று கதை முடிகின்றது. காவியத்திற்கு இஃது இன்றியமையாததாயிருக்கலாம். வாழ்விலோ, இன்னும் ஓர் ஆட்டத்தில் எல்லாம் மீளும் என்னும் இக்கனவே நோயின் உயிர்நிலை.

மேனாட்டிற் கண்ட கூட்டுறவு

தருமன் கேட்ட வினாவையே தம் கூட்டங்களின் அடிப்படையாகக் கொண்டோர் மேனாட்டில் தோன்றினர். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள அக்ரன் நகரத்திற்கு வாணிகத்தின்பொருட்டு வந்திருந்த பில் வில்சன் என்பார், குடியை விட்டுச் சில திங்களே ஆனவர். முயற்சி தோல்வியுற்று மனமுடைந்த நிலையிற் குடிவேட்கை எழவே, தம்மைப் போன்ற வேறொரு குடியரைத் தேடிச் சென்று பேசினார். அவ்வாறு கண்ட மருத்துவர் பாப் ஸ்மித்தும் அவரும் சேர்ந்து தொடங்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம். பிறருக்கு உதவச் சென்றவரே அதனால் தாம் காக்கப்பட்டார் என்பதே இதன் தொடக்கத்திலுள்ள விந்தை.

1957 ஜனவரியில், சூதினால் அல்லலுற்ற இருவர் சந்தித்து அடிக்கடி உரையாடலாயினர். அவ்வாண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்னும் சங்கத்தின் முதற் கூட்டம் நிகழ்ந்தது. பெயர் வெளியிடாத சூதாடிகள் என்பது அப்பெயரின் பொருள். இன்று அது பல நாடுகளிலும் பரவியுள்ளது. அங்கே நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை. ஒருவர் எழுந்து தம் வரலாற்றைக் கூறுவர்; ஏனையோர் குறுக்கிடாது கேட்பர். சிறு பந்தயமும் ஆடலாகாது என்பது அவர்தம் நெறி. வாழ்நாள் முழுதும் ஆடேன் என்று பெருஞ்சூளுரை கூறாமல், இன்று ஒரு நாள் ஆடாதிருப்பேன் என்று நாடோறும் உறுதி கொள்வர். கடன் மிகுந்தவனுக்காக மூத்த உறுப்பினர் சிலர் அவனோடும் அவன் மனைவியோடும் அமர்ந்து, கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதுவித்து, வருவாய்க்கேற்ப அடைக்கும் வழியை வகுப்பர். குடும்பத்தார் தம் துயரைப் பகிர்ந்துகொள்ளக் கேம்-அனான் என்னும் தனிக் கூட்டமும் உண்டு. பீமனுக்கும் திரௌபதிக்கும் ஓர் அவை வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர் போலும்!

பயனும் எல்லையும்

ஒன்றைப் புகழுமிடத்து அதன் எல்லையையும் கூறுதல் ஆராய்ச்சிக்கு அழகு. 1988 ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட், பிரவுன் என்னும் இருவர் இச்சங்கத்திற்கு வந்த 232 பேரை ஆராய்ந்து பிரிட்டானிய மனநோய் மருத்துவ இதழில் எழுதினர். முதன்முறை வந்தபின் ஓராண்டு முழுதும் ஆடாதிருந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவினரே. பலர் சில கூட்டங்களோடு நின்றுவிட்டனர். 2006 ஆம் ஆண்டில் நான்சி பெட்ரி என்னும் அம்மையார் முதலியோர் 231 சூதாடிகளை மூன்று பிரிவாக்கி ஆய்ந்தனர். சங்கத்திற்குச் செல்லுமாறு மட்டும் கூறப்பட்டோரைக் காட்டிலும், அதனோடு எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளச்சிகிச்சையும் எட்டு முறை பெற்றோர் சிகிச்சைக் காலத்தில் மிகுந்த நலம் பெற்றனர்.

இவற்றால் நாம் அறிவன இரண்டு. தோழமை ஒன்றே போதுமென்று கருதி மருத்துவரை விலக்குதல் தவறு என்பது ஒன்று. ஒருமுறை வந்து நின்றுவிட்டவனைத் தேடிச் சென்று மீண்டும் அழைத்துவரும் கை வேண்டும் என்பது மற்றொன்று.

திருக்குறளில் சூது அதிகாரத்தை அடுத்து நிற்பது மருந்து என்னும் 95 ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் வகுத்தனர். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று மருந்து பிழையாது கொடுப்போன் உழைச்செல்வான். அவன் மருத்துவனுமல்லன், மருந்துமல்லன். எனினும் அவனின்றி மருத்துவம் நிறைவுறாது. சூதினின்று மீள்வோனுக்குத் தோழன் நிற்கவேண்டிய இடம் இதுவே. அதனின் மேற்பட்டு மருத்துவனாகத் தன்னைக் கருதலாகாது. அதனிற் குறைந்து வெறும் பார்வையாளனாக ஒதுங்கவுமாகாது.

உழைச்செல்வார் கடமைகள்

மாணவ நண்பர்காள்! நம் வகுப்பிலோ விடுதியிலோ உறவினரிடையிலோ இந்நோயுற்றார் ஒருவர் இருத்தல் கூடும். அவர்க்கு நாம் செய்யத்தக்கன இவை.

முதலாவது, கேட்டல். ஒருவன் தன் கடனைச் சொல்ல வாயெடுக்கும்பொழுது, எவ்வளவு என்று பதறுதலும், உனக்கு அறிவில்லையா என்று கடிதலும் அவன் வாயை மூடிவிடும். முதல் நாள் அவன் கூறுவது பெரும்பாலும் முழுக் கடனன்று; பாதியே கூறி நம் முகத்தைப் பார்ப்பான். அன்று நம் முகம் சுளியாதாயின், மறுநாள் மறுபாதியும் வெளிவரும்.

இரண்டாவது, கையிற் பணங்கொடாமை. இது வன்னெஞ்சம் போல் தோன்றும். மெய்யாகவே அன்பின் செயல். தேர்வுக் கட்டணத்திற்கென்று கேட்பானாயின், அலுவலகத்திற்கு உடன்சென்று நாமே கட்டிவிடலாம். உணவுக் கட்டணமாயின் விடுதியிற் செலுத்தலாம். கடனை ஒருமுறை முழுதும் அடைத்துக் காத்துவிட்டால், அடுத்த ஆட்டத்திற்கு வழி திறந்தவராவோம். அடைக்கும் சுமை அவன் தோளிலும், அடைக்கும் வழியை வகுக்கும் துணை நம் கையிலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வாயிலடைத்தல். செயலிகளை நீக்குதலும், வங்கிக் கணக்கைத் தாயோ தமையனோ சிலகாலம் பார்த்துக்கொள்ள அவனே இசைதலும் நலம். நளனது காலில் நனையாதிருந்த சிறு இடமே கலிக்கு வாயிலாயிற்று என்பதை மறவற்க.

நான்காவது, உரிய பொழுதில் உடனிருத்தல். வேட்கை எப்பொழுதும் ஒரே அளவினதாய் இராது. உதவித்தொகை வந்த நாள், கிரிக்கெட் ஆட்ட நாள், விளக்கணைத்த பின்னுள்ள இரவு ஆகியவற்றில் அது மிகும். அவ்வேளையில் ஒரு நடை, ஒரு பந்தாட்டம், ஒரு பாடல் பயிற்சி, ஒரு கோப்பைத் தேநீர் போதும். வேட்கை அலைபோல் எழும். சிறிதுபொழுது தாங்கினால் தணியும். வேதப் பாடலின் சூதாடிக்கு அந்தச் சிறிதுபொழுது உடனிருப்பார் இல்லாமற் போயினர்.

ஐந்தாவது, சொல்லிற் காவல். மீள்வோர் இருவர் கூடிப் பேசுமிடத்துப் பழைய வெற்றிகளைச் சுவைபட விரித்தல் தீங்கு. அது வேட்கையைத் தூண்டும். இன்னும் ஆடுவானொருவன், அளவோடு ஆடலாம் என்று கூறும் தோழமையும் தீங்கு. சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நிலத்தின் இயல்பால் நீர் திரிவது போல இனத்தின் இயல்பால் அறிவு திரியுமென்றதை நினைக்க.

ஆறாவது, மீண்டும் வீழ்ந்தபொழுது கைவிடாமை. பலர் ஒருமுறையன்று பலமுறை வீழ்கின்றனர். வீழ்ந்தவன் முதலிற் செய்வது நம்மைக் கண்டு ஒளிதல். நாம் அவனைத் தேடிச் செல்லல் வேண்டும். இவ்வளவு நாள் ஆடாதிருந்தாயே, அந்நாட்கள் பொய்யல்லவே என்று கூறலாம். நூறு நாள் நடந்த கால் ஒரு நாள் இடறினும் நடை மறந்ததாகாது.

ஏழாவது, எல்லையறிதல். வாழ்ந்து பயனில்லை என்று ஒருவன் கூறுவானாயின், அதனை மறைபொருளாகக் காத்தல் நட்பன்று. அப்பொழுதே விடுதிக் காப்பாளரிடத்தும் பெற்றோரிடத்தும் கூறுக. அவனைத் தனியே விடற்க. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் உளநல உதவித் தொலைபேசி 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குகின்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உளர். மருத்துவரிடம் உடன்சென்று வாயிலிற் காத்திருத்தலும் உழைச்செல்வான் தொழிலேயாம்.

இக்கடமைகளை நம் கல்லூரி வாயிலோடு நிறுத்தவேண்டுவதில்லை. நாட்டு நலப்பணி முகாமின்பொருட்டு ஜவ்வாது மலைக்கும் அதன் அடிவாரத்து ஊர்களுக்கும் செல்லும் மாணவர், சூதின் தீமை என்று சொற்பொழிவாற்றுவதினும், பாரதக் கூத்தில் மக்கள் கண்டறிந்த தருமனைக் கொண்டு பேச்சைத் தொடங்கலாம். அவையில் அவன் இழந்ததை ஊரார் அறிவர். கானகத்தில் அவன் கேட்ட வினாவை நாம் எடுத்துக் கூறலாம். அதன்பின் நாம் வாய் மூடியிருத்தல் நன்று. கேட்போருள் ஒருவரேனும் தம் வரலாற்றைத் தொடங்குதல் கூடும்.

முடிவுரை

கிறிஸ்து பெருமான் சிலுவையில் தொங்கிய வேளையில் அதன் அடியிற் போர்ச்சேவகர் அவர் அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர் என்று நற்செய்தி நூல்கள் கூறும். பக்கத்தே ஓருயிர் துடிப்பதை உணராது கையிலுள்ள சீட்டையே நோக்குதல் அவ்வாட்டத்தின் இயல்பு. இன்று நம் அறையில் ஒருவன் அவ்வாறு தலைகுனிந்து கைப்பேசியையே நோக்கியிருக்க, அவன் பக்கத்தே நாமும் தலைகுனிந்து நம் கைப்பேசியையே நோக்கியிருப்போமாயின், இருவருள் எவர் உழைச்செல்வார்?

அந்நூல்களே மற்றொரு காட்சியையும் தருகின்றன. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டத்தால் வாயிலை அணுகவியலாமற் கூரையைப் பிரித்து அவனைப் பெருமான் திருமுன் இறக்கினர். குணமாக்கியவர் பெருமான், நால்வர் செய்தது சுமந்ததும், வழியில்லா இடத்து வழி கண்டதுமே. அந்நால்வரின் பெயரை நூல் குறிக்கவில்லை. எனினும், பெருமான் அவர்களது விசுவாசத்தைக் கண்டார் என்று குறிக்கின்றது.

பெயர் வேண்டாது பிறர் கட்டிலைச் சுமக்கும் தோள்கள் நம் கல்லூரியில் பெருகுக. சூதின் கழகத்தே தன்னை இழந்தான் ஒருவன், அன்பின் கழகத்தே தன்னை மீளக் காண்பானாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக.